நிப்பாட்டுனா எங்க நிக்கும்?

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இருக்கக் கூடாத ஓர் இடத்தில் அந்தப் பெயரை இருக்க விட்டவன் நான். இன்னோர் இடத்திலும் எழுதிவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கண்டக்டரம்மா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வட்டக்கானல் போகிற வழியில், ஒரு காலத்தில் விடுதியாக இருந்த கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒன்பது பேர். சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கும். மத்தியானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்துவிடும். எங்களுடையது எழுத்து வேலை. மென்பொருள் கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது. முன்பெல்லாம் அதை மனிதர்கள் படித்தார்கள், அதாவது படிக்காமல் விட்டார்கள். இப்போது, மனிதர்கள் சொன்ன வேலையைத் தாமாகவே செய்து முடிக்கிற ஏஐ ஏஜெண்டுகள் படிக்கின்றன. ஒரு கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் விளக்கத்தை முதல் வார்த்தையிலிருந்து படிக்கின்றன, எழுதியிருக்கிறபடி செய்கின்றன. இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான வாசகர்கள் அவைதான். அந்த ஒன்பது பேருக்கும் நான் தலைவன். திருத்துவதும் வெட்டுவதும் என் வேலை. வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கண்டக்டரம்மா பண்ணைக்காட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து போவார். சேர்ந்த வாரத்தில் யாரோ அப்பா என்ன செய்கிறார் என்று கேட்க, தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் என்றார். சொன்னதோடு விடாமல் எழுந்து நின்று, கழுத்தைச் சாய்த்து, அப்பாவின் குரலிலேயே ஒருமுறை கூவிக் காட்டினார். "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு! பெருமாள்மலை, ஊத்து இறங்கும்! படியில நிக்காத, உள்ள போ!" ஆண் குரல், அச்சு அசல். நாங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தோம்.

"ஓல்டான் சொல்லுங்க, ஓல்டான்!" என்றேன் நான். பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர்கள் போடுகிற சத்தம் அது.

அவர் முகம் சட்டென்று வேறு மாதிரி ஆனது. "அது மட்டும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கும் சிரித்தோம். பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவருக்கு எதையும் பாதியில் நிறுத்த வராது. போனில் பேசினால் அவராக வைக்க மாட்டார். "நீங்க வைங்க சார்" என்பார். நான் வைக்கும்வரை அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டிருக்கும். கூட்டத்தில் யாராவது தவறாகப் பேசிக்கொண்டே போனால்கூட குறுக்கே வர மாட்டார். பிரிண்டர் நாற்பது பக்கம் வீணாக அடித்துக்கொண்டிருந்தபோது, நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். அவர் குனிந்து, காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தார். "இப்ப நிப்பாட்டுனா தாளு உள்ளயே நிக்கும் சார். இந்த ஒண்ணு வெளிய வரட்டும்." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏரிச் சாலையில் சேர்ந்து நடந்து போவோம். சால்வையைச் சரிசெய்ய நிற்க வேண்டுமென்றால்கூட முதலில் திரும்பிப் பின்னால் பார்ப்பார், பிறகுதான் நிற்பார். ஏழு ரோடு சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதுவார். தொடர்ந்து ஊதினால் ஒன்றுமில்லை. ஒரே ஒரு விசில் கேட்டால் மட்டும் அவர் அப்படியே விறைத்துப் போவார். கை ஜில்லிட்டுவிடும். குளிர் என்றுதான் நினைத்தேன். கொடைக்கானலில் எதற்கும் குளிரைக் காரணம் சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்டவரிடம், பில்டை நிறுத்தும் கருவிக்கு விளக்கம் எழுதுகிற வேலையை நான் கொடுத்தேன். வேண்டுமென்று செய்ததில்லை, முறைப்படி அவருக்கு வந்தது. பில்டு என்பது, பல பேர் எழுதிய நிரலை ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, வாடிக்கையாளரின் கணினியில் ஏற்றிவிடுகிற வேலை. அரை மணி, ஒரு மணி நேரம் தானாக ஓடும். ஏதாவது கோளாறு என்றால் அதை நடுவில் நிறுத்த வேண்டிவரும். அந்த நிறுத்தும் பொத்தானைத்தான் இப்போது ஏஜெண்டுகளின் கையில் கொடுக்கப் போகிறோம். நான்கு வரியில் விளக்கம் வேண்டும். நீளமாக எழுதினால் ஏஜெண்டு குழம்பும் என்பது எங்கள் குழுவின் சட்டம். சட்டத்தைப் போட்டவன் நானே.

அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். கருவியை நூறு முறை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று நோட்டில் எழுதினார். ஒரு மத்தியானம் டீ கிளாஸோடு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "ஒரு பொத்தானுக்கு ஒரு வாரமா?" என்றேன்.

"நிப்பாட்டுறது பெரிய சோலியா சார்? நிப்பாட்டுனா எங்க நிக்கும்? அதத்தான பாக்கணும்."

"அதெல்லாம் அதுக்குத் தெரியும். ஏஐ."

அவர் டீயைக் கீழே வைத்தார். பள்ளத்தாக்கை மேகம் மூடிக்கொண்டிருந்தது. ஒரு கதை மாதிரிதான் சொன்னார். ஊத்துக்குக் கீழே ஒரு கொண்டைஊசி வளைவு. நல்ல பனிமூட்டம். பஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. பின்பக்க ஜன்னலில் காலேஜுக்குப் போகிற ஒருத்தி. ஒற்றையடிப் பாதையிலிருந்து ஓர் அக்கா பட்டர் ஃப்ரூட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறார். பாவம் என்று நினைத்து அந்த ஒருத்தி ஓல்டான் என்று சத்தம் போடுகிறாள். கண்டக்டர் குரல் மாதிரியே இருக்கிறது. டிரைவர் பிரேக் போடுகிறார். பஸ் நின்றது சரியாக வளைவின் முதுகில்.

"பின்னாடி ஒரு ஜீப்பு சார். வளைவுல பஸ்ஸு நிக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒடிச்சுத் திருப்புனான். அந்தக்கா அங்கனதான் ஓடியாந்துக்கிட்டு இருந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், போயிட்டாங்க. பழமெல்லாம் ரோட்டுல கெடந்துச்சு." டீ கிளாஸை மறுபடி கையில் எடுத்தார். "நிப்பாட்டச் சொன்னது யாருன்னு போலீசு கேட்டுச்சு. டிரைவரு, நானாத்தான் நிப்பாட்டுனேன்னு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு படிக்கிற பிள்ளையாம், ஸ்டேஷனுக்கெல்லாம் வரக் கூடாதாம். அவரு சோலி போச்சு. லைசென்சு போச்சு. பாச்சலூர்ப் பக்கம் வாழைத்தார் ஏத்தப் போயிட்டாரு."

நான் எவ்வளவு மரமண்டை என்றால், நல்ல உதாரணம், இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லலாம் என்று அவரைப் பாராட்டிவிட்டு எழுந்து வந்தேன். அவர் சிரித்தார் என்றுதான் நினைவு.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கம் தயார் என்றார். ஆறு வரி. முதல் நான்கும் வழக்கமானவை. ஐந்தாவது வரி: நிறுத்துவதற்கு முன் பில்டு எந்தப் படியில் இருக்கிறது என்று பார், நிறுத்தினால் எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால் நிறுத்தாதே. ஆறாவது வரி: நிறுத்தச் சொன்னது யார் என்று எழுது. அவர் கிளாஸ் கழுவப் போயிருந்தார். என் மடிக்கணினி பைக்குள் போய்விட்டது. எனக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; சனி, ஞாயிறு வத்தலக்குண்டில் வீட்டில் இருப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கணினியிலேயே, ஐந்தையும் ஆறையும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஸ்ஸும் கிடைத்தது. ஜன்னல் ஓரம்.

திங்கட்கிழமை வந்ததும் அவர் கேட்டார். "சார், இதுல ரெண்டு வரி இருந்துச்சே?"

"நாலுக்குள்ள அடங்கணும்ல. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, உங்க சிஸ்டத்துலயே முடிச்சிட்டேன்."

அவர் வாதாடவில்லை. ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் அந்த ஐந்தாவது வரியைத் தமிழில் எழுதித் தன் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். நிப்பாட்டுனா எங்க நிக்கும், அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மூன்றாவது வாரம் நடந்தது. எங்கள் கருவியை வாங்கியவர்களில் ஒரு நிறுவனம், பல ஊர்களில் உள்ள டயாலிசிஸ் நிலையங்களுக்கு முறை ஒதுக்கித் தரும் மென்பொருளை நடத்துகிறது. அவர்களுடைய பில்டு ஒன்று கடைசிப் படியில் இருந்தது. நோயாளிகளின் பழைய முறைப் பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிற படி. வழக்கத்தைவிட நேரமானதால், அது மாட்டிக்கொண்டது என்று ஏஜெண்டு நினைத்தது. நாங்கள் எழுதிய நான்கு வரியைப் படித்தது. நிறுத்தியது. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு நிலையத்தில் யாருக்கு எந்த நேரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளனே பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருவரை, உங்கள் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்தோம். பெரியவர் மறுபடி வந்தாரா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கண்டக்டரம்மா மட்டும் தினமும் அந்த நிலையத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், உடம்பெல்லாம் வீங்கியிருந்த பெரியவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாராம். பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்தபோது அவர் போனை வைக்காமல் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

விசாரணை திரையில்தான். சென்னையிலிருந்து மேலாளர் கேட்டார். "இந்த டிஸ்கிரிப்ஷனை எழுதுனது யாரு? ஒரு வார்னிங்கூட இல்லாம?"

எனக்கு வாய் திறந்தது. அதை நான் இன்று வரை நினைவில் வைத்திருக்கிறேன், வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பயம். வேறு பெயர் சொல்லி அதை மழுப்ப முடியாது.

"நாந்தான் சார் எழுதுனேன்" என்றார் கண்டக்டரம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை. பதிவிலும் அவர் கணினி, அவர் பெயர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியோடு அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டு ஓரத்தில் அவரை நிறுத்தி, நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தேன்.

"பேசி என்ன ஆகப்போவுது. வெரசா கெளம்புங்க சார், பஸ்ஸு போயிரும்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு பஸ் போய்விடும் என்ற கவலை அவருக்கு. அன்றைக்கு வத்தலக்குண்டு போகிற வழியில், ஊத்துக்குக் கீழே அந்த வளைவில் பஸ் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒருத்தி யார் என்பதும், ஒரு டிரைவர் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்துவிட்டார் என்பதும்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வரிகளும் விளக்கத்தில் ஏறின. எழுதச் சொல்லி சென்னையிலிருந்து எனக்கே உத்தரவு வந்தது. பழைய சம்பவ அறிக்கைகளையும் ஏஜெண்டுகள் படிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிலிருந்து, ஏதாவது ஓர் ஏஜெண்டு பில்டை நிறுத்தத் தயங்கும்போதெல்லாம் காரணத்தை எழுதிவைக்கும். ஆங்கிலத்தில் வரும், தமிழில் சொன்னால் இப்படி: நிறுத்தினால் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. முன்பு ஒருமுறை இன்னார் எழுதிய விளக்கத்தில் எச்சரிக்கை விடுபட்டதால் பாதிப்பு ஏற்பட்டது. ஆகவே நிறுத்தவில்லை.

இன்னார் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர். அப்பாவின் முதலெழுத்தோடு.

தினமும் காலையில் வந்து முதல் வேலையாக அந்தப் பதிவுகளை நான் படிக்க வேண்டும். சில நாள் இரண்டு, சில நாள் பத்து. ஒவ்வொன்றிலும் அவர் வார்த்தையும் அவர் பெயரும். எச்சரித்தவர் அவர், எச்சரிக்காதவர் என்றும் அவர் பெயரையே சொல்கிறது இயந்திரம். அதற்கு அலுப்பே கிடையாது. அவர் இருக்கையில் யாரும் இல்லை, மஞ்சள் தாள் மட்டும் ஈரத்தில் சுருண்டு திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்துப் போடவும் கை வரவில்லை. ஜன்னலில் மேகம் ஏறுகிற மத்தியானங்களில், பின்னாலிருந்து சார் என்று யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். இந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பதிவைப் படித்துவிட்டுக் கேட்டார். "யார் சார் இவங்க? அவ்வளவு மோசமா எழுதுவாங்களா?"

அன்றைக்கு அந்தச் சம்பவ அறிக்கையைத் திறந்தேன். மூடப்பட்ட அறிக்கை, திருத்த முடியாது என்றது. கீழே குறிப்பு மட்டும் சேர்க்கலாம். சேர்த்தேன். எச்சரிக்கையை இவர் எழுதியிருந்தார். இவருக்குத் தெரியாமல், இவருடைய கணினியில் உட்கார்ந்து அதை நீக்கியவன் நான். என் முழுப்பெயரை, என் அப்பாவின் முதலெழுத்தோடு எழுதினேன். சென்னைக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஏதோ ஓர் ஏஜெண்டு ஏதோ ஒரு பில்டை நிறுத்தாமல் விட்டது. காரணத்தில் முதன்முறையாக என் பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து பஸ் நிலையத்துக்குப் போனேன்.

பண்ணைக்காட்டில் கடைத்தெருவில் ஓர் இ-சேவை மையத்தில் இருந்தார். ஒரு பாட்டிக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "முடிச்சிட்டு வாரேன் சார், உக்காருங்க." பாட்டியின் பெயரை மூன்று முறை படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

பிறகு வெளியே, காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்த களத்தின் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு எழுதியதை, என் பெயர் வந்ததை, சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருப்பதை. மன்னிப்பு என்ற வார்த்தையைக் கொண்டு போயிருந்தேன். அது நடுவில் எங்கோ தொலைந்துவிட்டது.

அவர் குனிந்தார். காலடியில் சிதறிக் கிடந்த ஒரு கொட்டையைப் பொறுக்கிக் களத்துக்குள் போட்டார்.

"அந்த ஒருத்தி நாந்தான்னு உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"எங்கப்பா டிக்கெட்டு கிழிச்சுக்கிட்டு முன்னாடி நின்னாரு. யாரு சத்தம்னு அவருக்குத் தெரியாதா? அதுக்கப்பறம் அவரு வாயால ஓல்டான் சொன்னதே இல்ல சார். நிப்பாட்ட ஒத்த விசிலு மட்டுந்தான்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "டிரைவர் மாமா போன தை மாசம் தவறிட்டாரு. பாச்சலூர்லதான் இருந்தாரு. இங்கருந்து ஒரு பஸ்ஸு. இத்தன வருசத்துல ஒரு நா போயி, நாந்தான் கத்துனேன்னு யார்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம். போகணும் போகணும்னே இருந்தேன்." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க வந்துட்டீங்க சார்."

அவர் குரலில் பாராட்டு இல்லை, கோபமும் இல்லை. பொறாமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கூடவே வந்தார். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. கடைத்தெரு முனையில், வளைவை ஒட்டி நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நானும் நிற்கப் போனேன். அவர் நிற்கவில்லை. வளைவைத் தாண்டி, அடுத்த வளைவையும் தாண்டி, ரோடு நேராகப் போகிற இடம் வரும்வரை என்னை நடத்திக் கூட்டிப் போனார். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். பஸ்ஸின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் வேறு வெளிச்சம் ஏதாவது வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையை உயர்த்தினார்.

உள்ளே கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். கண்டக்டரம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது, ஜில்லென்று இருந்தது. பஸ் நின்றது. மறுபடி ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, கையை எடுத்தார்.

"இப்ப ஏறுங்க சார்."